உரமும் பூச்சியும் ஒரே வரைபடத்தில்: அமெரிக்கப் பயிர் ஆலோசகர் பயிற்சி தேறுகிறதா?

அமெரிக்காவில் பயிர் ஆலோசகர்களைப் பண்ணைக்கான மண், நீர் பாதுகாப்புத் திட்டம் எழுதத் தயார்செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. அதைப் பற்றிய தீர்ப்பை முதலில் சொல்லிவிடலாம். உரக் கணக்குப் பகுதிக்குப் பத்துக்கு ஒன்பது. பூச்சிப் பகுதிக்கு ஏழு. இரண்டையும் இணைத்து ஒரு பண்ணைக்கு மண், நீர் பாதுகாப்புத் திட்டம் போடக் கற்றுத்தரும் பகுதிக்கு ஐந்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பயிற்சி வைப்பதே அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் என்பது வேடிக்கை.

அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்றோர் அமைப்பு இருக்கிறது; சுருக்கமாக என்.ஆர்.சி.எஸ். 1935இல் மண் பாதுகாப்புச் சேவையாகப் பிறந்து 1994இல் இந்தப் பெயருக்கு மாறியது. மண்ணும் நீரும் கெடாமலிருக்க விவசாயி செய்யும் வேலைகளுக்கு, இக்விப் (சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம்) போன்றவை வழியாக இது செலவில் ஒரு பங்கைத் தருகிறது. பணம் வர வேண்டுமானால் வேலை இவர்களுடைய தரக்குறிப்புப்படி நடந்திருக்க வேண்டும். உரத்துக்கான குறிப்பின் எண் 590. பூச்சி, நோய், களை மூன்றுக்கும் சேர்த்து 595. 2002ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம், அரசு ஊழியர் அல்லாதவர்களும் இந்தத் திட்டங்களை எழுதக் கதவைத் திறந்தது. டி.எஸ்.பி., அதாவது தொழில்நுட்பச் சேவை வழங்குநர் என்பது அவர்களுக்குப் பெயர்.

இந்த வரிசைக்கு வருகிறவர்களில் பலர் சி.சி.ஏ. சான்று பெற்ற பயிர் ஆலோசகர்கள். இரண்டு தேர்வு எழுதி, வேளாண் பட்டம் இருந்தால் இரண்டு ஆண்டு, இல்லாவிட்டால் நான்கு ஆண்டு வரை அனுபவம் காட்டி, அதன்பின் இரண்டு ஆண்டுக்கு 40 தொடர்கல்விப் புள்ளி சேர்த்துக்கொண்டே இருப்பவர்கள். பயிரைப் பற்றி இவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் உரக்கடை ஆலோசகர் மனதில் ஓடும் கேள்வி ஒன்று: இந்த விளைச்சலுக்கு எவ்வளவு போட வேண்டும்? பாதுகாப்புத் திட்டம் கேட்பது வேறொன்று: பயிர் எடுத்துக்கொள்ளாத மிச்சம் எந்த வழியாக, எங்கே போகும்? முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதுக்கு ஆளை நகர்த்துவதுதான் பயிற்சியின் வேலை.

வகுப்பு நடத்தும் விதமும் இணையப் பாடத்துக்கும் வயல் நாளுக்கும் உள்ள விகிதமும் இடத்துக்கு இடம் மாறும். எலும்புக்கூடு ஒன்றுதான்: ஒன்பது படித் திட்டமுறை, 590, 595, அவற்றுக்கான கணிப்புக் கருவிகள். இந்த மதிப்பீடு அந்த எலும்புக்கூட்டைப் பற்றியது.

ஒன்பது படிகள்

பிரச்சினையைக் கண்டறிதல், விவசாயியின் நோக்கத்தைக் கேட்டறிதல், வளங்களைக் கணக்கெடுத்தல், அதை அலசுதல், மாற்று வழிகளை உருவாக்குதல், அவற்றை எடைபோடுதல், முடிவெடுத்தல், நடைமுறைப்படுத்தல், பின்னர் திரும்பிப் பார்த்தல். தாளில் பார்த்தால் அலுவலகச் சடங்கு மாதிரித் தெரியும். ஆனால் இதில் இரண்டு இடம் முக்கியம். ஏழாவது படியில் முடிவெடுப்பவர் விவசாயி, ஆலோசகர் அல்ல. அதனால் ஐந்தாவது படியில் ஒரே ஒரு வழியை மட்டும் எழுதிக் கொண்டுபோனால் அதற்குப் பெயர் மாற்று வழி இல்லை, கட்டளை. இன்னொன்று, கடைக்காரராக இருந்து பழகியவர் முதல் நான்கு படியையும் தாண்டி நேராக ஐந்தில் போய் நிற்பார். மண் பரிசோதனைத் தாளைப் பார்த்த உடனே மூட்டைக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். வயலின் தாழ்ந்த மூலையில் வடிகால் குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார். பயிற்சி இதைச் சுட்டிக்காட்டுகிறது. ஆனால் ஒரு விளக்கப்படத்தோடு கடந்துவிடுகிறது. அரை நாள் நடந்து பார்க்க வேண்டிய விஷயம் இது.

590: கணக்கில் குறை சொல்ல முடியாது

உரப் பகுதி நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. சரியான உரம், சரியான அளவு, சரியான நேரம், சரியான இடம் என்ற நான்கையும் வெறும் முழக்கமாக விடாமல் 590 கேட்கும் கட்டாயங்களோடு பிணைத்திருக்கிறார்கள். புதிதாக எழுதும் திட்டத்துக்கு மண் பரிசோதனை இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. உறைந்த நிலத்திலும், பனி மூடிய நிலத்திலும், மேல் 2 அங்குலம் நீர் நிறைந்து கிடக்கும் நிலத்திலும் உரத்தையோ சாணத்தையோ மேலாக வீசக் கூடாது. பதிவேடு குறைந்தது ஐந்து ஆண்டு இருக்க வேண்டும்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அலகில். ஆய்வகம் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தனிமமாகச் சொல்லும். உரமூட்டையோ பி2ஓ5, அதாவது பாஸ்பரஸ் ஆக்சைடு என்று சொல்லும். தனிமத்தை 2.29ஆல் பெருக்கினால்தான் மூட்டைக் கணக்கு வரும். சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) 1.2. இதை மறந்தால் மணிச்சத்தில் பாதிக்கு மேல் பிசகும். தண்ணீர் அறிக்கையிலும் இதே பொறி உண்டு. குடிநீருக்கான அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன். அதையே முழு நைட்ரேட்டாகச் சொன்னால் 44. எந்த எண்ணில் அறிக்கை வந்திருக்கிறது என்று பார்க்காமல் கிணற்றைக் கெட்டது என்றோ நல்லது என்றோ எழுதிவிடக் கூடாது.

அடுத்தது ஆழம். ஒரு ஏக்கரில் 6⅔ அங்குல மண் ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு எடை. அதனால்தான் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணை 2ஆல் பெருக்கினால் ஏக்கருக்குப் பவுண்டு வருகிறது. மாதிரி 12 அங்குலத்துக்கு எடுக்கப்பட்டிருந்தால் பெருக்க வேண்டியது 3.6ஆல். மக்காச்சோளம் 6 முதல் 12 அங்குல உயரத்தில் இருக்கும்போது, மேலுரத்துக்கு முன் எடுக்கும் நைட்ரேட் பரிசோதனைக்கு ஆழம் 12 அங்குலம். அதில் 20 முதல் 25 பி.பி.எம். வந்துவிட்டால் மேலுரம் தேவைப்படாது என்பது பொதுவான வரம்பு. வழக்கமான 2ஆல் பெருக்குபவர், மண்ணில் இருப்பதில் ஏறக்குறைய பாதியைத் தொலைத்துவிட்டு, விவசாயி பணத்தில் அதைத் திரும்ப வாங்கித் தருவார்.

ஆய்வகம் எந்தக் கரைசலால் மணிச்சத்தைப் பிரித்தது என்பதையும் பார்க்க வேண்டும். மெலிக்-3, பிரே, ஓல்சன் மூன்றும் ஒரே மண்ணுக்கு வெவ்வேறு எண் தரும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பிரே குறைத்துக் காட்டும். அங்கே ஓல்சன்தான் பொருந்தும். மெலிக்-3 சாற்றையே நிறமானியில் படித்தால் ஓர் எண், ஐ.சி.பி. கருவியில் படித்தால் அதைவிடப் பெரிய எண். ஆய்வகத்தை மாற்றிய ஆண்டில் மண்ணே திடீரென வளமாகிவிட்டதாக வரைபடம் காட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பயிற்சியின் சிறந்த பகுதி சாணக்கரைசல் கணக்கு. ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். பால்பண்ணைக் கரைசல், 1,000 கேலனுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 30 பவுண்டு. அதில் அம்மோனியமாக 14, கரிமமாக 16. பி2ஓ5 12 பவுண்டு. பயிர், ஏக்கருக்கு 200 புஷல் மக்காச்சோளம். தேவைப்படும் தழைச்சத்து 160 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கரிமத்தில் முதல் ஆண்டில் 35 விழுக்காடு கிடைக்கும் என்று எடுத்தால் 5.6 பவுண்டு. கரைசலை மண்ணுக்குள் செலுத்தி அம்மோனியம் முழுவதையும் காப்பாற்றினால் 1,000 கேலனுக்கு 19.6 பவுண்டு. ஆக 160க்கு வேண்டியது ஏறக்குறைய 8,200 கேலன். அதனோடு போகும் பி2ஓ5 98 பவுண்டு. புஷலுக்கு 0.35 பவுண்டு வீதம் தானியம் எடுத்துப்போவதோ 70தான். ஆண்டுக்கு 28 பவுண்டு மண்ணில் தங்கிவிடும்.

இதே கரைசலை மேலாக வீசி, பாதி அம்மோனியம் காற்றோடு போனால்? 1,000 கேலனில் மிஞ்சுவது 12.6. அதே 160க்கு 12,700 கேலன் ஊற்ற வேண்டும். பி2ஓ5 152 பவுண்டு. பயிர் எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அம்மோனியம் முழுவதும் பறந்துவிட்டால் 28,600 கேலன், 343 பவுண்டு, ஏறக்குறைய ஐந்து மடங்கு. உழுது மூடுவதா, மேலே விடுவதா என்ற ஒரே முடிவு மணிச்சத்துக் கணக்கை இப்படிப் புரட்டிப் போடுகிறது. கணக்கை மணிச்சத்திலிருந்து தொடங்கினால் 70 பவுண்டுக்கு 5,800 கேலன் போதும். அதில் தழைச்சத்து 114 வரும். குறையும் 46 பவுண்டைக் கடையில் வாங்க வேண்டும். மூன்று நான்கு வழிகளை அருகருகே வைத்து, செலவோடு விவசாயியிடம் காட்டினால் ஐந்தாம், ஆறாம் படிகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

கணக்கு சரியாக இருந்தும் வயலில் பிசகுவது மாதிரி எடுப்பதில். கரைசல் குட்டையைக் கலக்காமல் மேலிருந்து மொண்டால் மணிச்சத்து குறைவாகத் தெரியும்; அது அடியில் படிந்த திடத்தில் இருக்கிறது. அதே காரணத்தால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் சத்து வேறு. திடச் சாணம் வீசும் வண்டிக்கு அளவு பார்ப்பது எளிது: 10 அடிக்கு 10 அடி தார்ப்பாயை விரித்து, வண்டியை ஓட்டி, விழுந்ததை எடை போட வேண்டும். ஒவ்வொரு பவுண்டும் ஏக்கருக்கு 0.218 டன். தார்ப்பாய் 21.78 சதுர அடியாக இருந்தால் பெருக்கலே வேண்டாம். ஒரு பவுண்டுக்கு ஒரு டன். மூன்று தார்ப்பாயையாவது வீச்சின் குறுக்கே விரிக்க வேண்டும். நடுவில் குவிந்து ஓரத்தில் மெலியும் வண்டிகள் ஏராளம். ஒரே தார்ப்பாய் அதைக் காட்டிக்கொடுக்காது. இது வகுப்பில் செய்முறையாக வந்தால் நல்லது. வெறும் சூத்திரமாக வந்தால் நாளைக்கே மறந்துபோகும்.

மணிச்சத்துக் குறியீட்டெண் பாடம் சுமார்தான். 1993இல் லெமுன்யன், கில்பர்ட் இருவரும் முன்வைத்த எண்ணம் எளிமையானது: மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதும், அது நீரோடு போக எவ்வளவு வழி இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஆனால் மாநிலங்கள் தத்தமக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டன. எல்லைக்கு இரு பக்கமும் வேலை செய்யும் ஆலோசகருக்கு ஒரே மாதிரியான வயல் ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் அதிகம் என்று வரலாம். எண்ணை மட்டும் சொல்லித் தருவதைவிட, அந்த எண்ணை ஏற்றியது கணக்கின் எந்த வரி என்று பார்க்கப் பழக்கியிருந்தால் பயன் அதிகம். அரிப்பு வரி ஏற்றியிருந்தால் மருந்து ஒன்று. மண்ணின் மணிச்சத்து வரி ஏற்றியிருந்தால் மருந்து வேறு.

அரிப்பைக் கணிக்கும் ரூசில்-2 மென்பொருளைப் பற்றி ஒரு வரி. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 டன் என்பது ஆழமான மண்ணுக்குப் பொறுக்கத்தக்க இழப்பின் மேல்வரம்பு. அது ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து ‘இந்த வயலில் அரிப்பே இல்லை’ என்று எழுதுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் போதும்.

595: நல்ல கருவி, அவசரப் பாடம்

பூச்சிப் பகுதி தடுப்பு, தவிர்ப்பு, கண்காணிப்பு, அடக்குதல் என்ற வரிசையில் நடக்கிறது. முதலில் தெளிவுபடுத்த வேண்டியதைத் தெளிவாகவே சொல்கிறார்கள்: எந்த மருந்தை அடிப்பது என்று பரிந்துரைப்பது திட்டம் எழுதுபவரின் வேலை இல்லை. பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளரும் பயிர் ஆலோசகரும் சொல்லும் மருந்து, இந்த மண்ணில், இந்தச் சரிவில், நீரை எப்படிப் பாதிக்கும், அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதே 595 கேட்பது. ஒரே ஆள் இரண்டு தொப்பியும் போட்டிருக்கும்போது எந்தத் தொப்பியோடு பேசுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

கண்காணிப்புப் பாடத்தில் சோயா அசுவினி உதாரணம் நன்றாகப் பொருந்தும். செடிக்குச் சராசரி 250 அசுவினி, 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செடிகளில் தொற்று, எண்ணிக்கை ஏறுமுகம். இம்மூன்றும் சேர்ந்தால் ஆர்-5 பருவம் (காயில் விதை உருவாகத் தொடங்கும் நிலை) வரை மருந்தடிக்கலாம். பலர் 250ஐச் சேதம் தொடங்கும் புள்ளி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மருந்துச் செலவுக்குச் சமமாக விளைச்சல் இழக்கும் நிலை 670 அளவில்தான் வருகிறது. 250க்கும் 670க்கும் இடைப்பட்டது ஏற்பாடு செய்துகொள்ள ஏழு நாள் அவகாசம். இது புரியாதவர், பயத்தில் 50 அசுவினிக்கே தெளித்து, பொறிவண்டையும் சேர்த்துக் கொன்று, மூன்று வாரத்தில் மறுபடி தெளிக்க வருவார். மினசோட்டாவில் 2015 முதல் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிக்கு மசியாத அசுவினி தென்படுவதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். செயல்படும் விதத்துக்கான குழு எண்ணை மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் பதிவேட்டில் எழுதாவிட்டால், பெயர் மட்டும் மாறிக்கொண்டிருக்கும், குழு மாறாது.

ஆபத்தை எடைபோட வின்-பி.எஸ்.டி. என்ற கருவி. மருந்து நீரை அடையும் மூன்று வழிகளை இது தனித்தனியாகப் பார்க்கிறது: மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீருக்கு, மேலோடும் நீரில் கரைந்து, அரித்துப்போகும் மண்துகளில் ஒட்டி. மண்ணின் குணத்தையும் மருந்தின் குணத்தையும் மோதவிட்டு, மனிதருக்கும் மீனுக்கும் உள்ள நச்சுத்தன்மையையும் சேர்த்து, மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை தரம் பிரிக்கும். நடுத்தரம் வந்தால் 20 புள்ளி, அதிகம் வந்தால் 40, மிக அதிகம் வந்தால் 60 புள்ளி அளவுக்குத் தணிப்பு நடவடிக்கைகள் சேர்க்க வேண்டும்.

கருவியின் உள்ளே நடப்பது தெரியாமல் பொத்தானை அழுத்தக் கற்றுத்தருவதுதான் இந்தப் பகுதியின் பெருங்குறை. ஒரு காகிதத்தில் போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. கஸ் எண் என்பார்கள். மண்ணில் அரைவாழ்வு நாளின் மடக்கை, பெருக்கல், 4இலிருந்து மண்ணொட்டுக் கெழுவின் மடக்கையைக் கழித்தது. அட்ராசின் என்ற களைக்கொல்லிக்கு அரைவாழ்வு 60 நாள், கெழு 100. 1.78ஐ 2ஆல் பெருக்கினால் 3.56. எண் 2.8ஐத் தாண்டினாலே மருந்து கீழே இறங்கும் வகை. இன்னொரு களைக்கொல்லியான பென்டிமெத்தலினுக்கு 90 நாள், 5,000. விடை 0.6க்குள். 1.8க்குக் கீழே என்பதால் இறங்காது.

‘அப்படியானால் அட்ராசினை விட்டு பென்டிமெத்தலினுக்கு மாறச் சொல்லிவிடலாமே’ என்று கை பரபரக்கும். இறங்காத மருந்து மண்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரிவான வயலில் மண் போனால் அதுவும் கூடப் போகும், மீனுக்கு ஆகாது. ஆபத்து ஒழியவில்லை, வழி மாறியிருக்கிறது. பென்டிமெத்தலினுக்கு அரிப்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அட்ராசினுக்கு அரிப்புத் தடுப்பு அவ்வளவாக உதவாது. மழை நெருங்கும்போது தெளிக்காமலிருப்பது, அளவைக் குறைப்பது, ஓடையிலிருந்து விலகி நிற்பது இவைதான் உதவும். அதன் லேபிளே, நீர் ஓடையில் கலக்கும் இடத்திலிருந்து 66 அடி, ஏரி, நீர்த்தேக்கங்களைச் சுற்றி 200 அடி விட வேண்டும் என்கிறது. கருவி ‘குறைவு’ என்று காட்டினாலும் லேபிள்தான் சட்டம். இந்த ஒப்பீட்டை ஒரு முறை கையால் போட்டவர் வின்-பி.எஸ்.டி. தரும் பட்டியலைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

தெளிப்பானைச் சரிபார்க்கும் பாடம் சுருக்கமாக, நன்றாக இருக்கிறது. நாசில் இடைவெளி 20 அங்குலம் என்றால் 204 அடி தூரத்தை வழக்கமான வேகத்தில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு நாசிலில் வடியும் தண்ணீரைப் பிடித்தால், எத்தனை அவுன்சோ ஏக்கருக்கு அத்தனை கேலன். சராசரியிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகும் நாசிலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். குண்டூசியால் குத்திச் சரிசெய்யப் பார்த்தால் துளை இன்னும் கெடும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

ஐந்து மதிப்பெண் வாங்கிய இடத்துக்கு வருவோம். 590 தனிக் கோப்பு, 595 தனிக் கோப்பு. வயல் ஒன்றே ஒன்று.

உழவில்லாச் சாகுபடி அரிப்பைப் பெருமளவு குறைக்கும். ரூசில்-2 எண் அழகாக இறங்கும். ஆனால் உழாத நிலத்தில் மேலே வீசிய மணிச்சத்து மேல் இரண்டு அங்குலத்திலேயே குவிகிறது. 8 அங்குல மாதிரி அதைச் சராசரியாக்கி மறைத்துவிடும். மழை வந்தால் மண் போகாது. கரைந்த மணிச்சத்து போகும். வேர்த்துளை, மண்புழுத் துளை வழியாக வடிகால் குழாய்க்கே நேராக இறங்கிவிடுவதும் உண்டு. ஈரி ஏரிக்கு மேற்கிலிருந்து வரும் மௌமி ஆற்றில் 1990களின் நடுவிலிருந்து கரைந்த மணிச்சத்து ஏறியதற்குச் சொல்லப்படும் பல காரணங்களில் இதுவும் ஒன்று. 2014 ஆகஸ்டில் அந்த ஏரியின் பாசி நச்சால் டொலிடோ நகரப் பகுதியில் 4 லட்சம் பேர் ஏறக்குறைய மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. ஓரத்தில் புல்பட்டை விட்டால் சரியாகிவிடும் என்று எழுதுவார்கள். புல்பட்டை, மெல்லப் பரந்து வரும் நீரிலிருந்து துகளைப் பிடிக்கும். ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து பாயும் நீரையோ, அதன் அடியில் குழாய்க்குள் ஓடும் நீரையோ என்ன செய்யும்? உழவில்லா வயலில் மேல் 2 அங்குலத்துக்குத் தனி மாதிரி எடுப்பதும், உரத்தை விதைப் பட்டைக்கு அடியில் இறக்குவதும்தான் இங்கே பதில்.

பூச்சிப் பக்கமும் அப்படியே. பயிர்த்தாள் மூடிய ஈரநிலம் ஓடில்லா நத்தைகளுக்குச் சொர்க்கம். அவற்றைத் தின்பவை தரைவண்டுகள். தயாமெதாக்சம் என்ற பூச்சிக்கொல்லி பூசிய சோயா விதையைத் தின்ற நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவற்றைத் தின்ற வண்டுகளுக்கு நஞ்சேறியது என்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். உழவில்லாச் சாகுபடிக்குப் பங்குத்தொகை வாங்கித் தரும் ஆலோசகர், விதைப்பூச்சு தேவையா என்று அதே மூச்சில் கேட்காவிட்டால், அடுத்த வசந்தத்தில் நத்தை தின்ற வரிசையைப் பார்த்து விவசாயி கலப்பையைத் திரும்ப இறக்கிவிடுவார். திட்டம் அத்தோடு முடிந்தது.

வகுப்பில் ஒரே ஒரு பயிற்சிக் கணக்குக்குத்தான் நேரம் என்றால், ரை (கோதுமை போன்ற புல்வகைத் தானியம்) மூடுபயிரை எப்போது கொல்வது என்ற கேள்வியை வைக்கலாம். மக்காச்சோளம் விதைக்க இரண்டு வாரத்துக்கு முன் கொன்றால் படைப்புழு ஆபத்து குறையும். அந்தப்பூச்சி புல்லில் முட்டையிடுவதால், பச்சை ரை சாகும்போது புழுக்கள் பக்கத்தில் முளைக்கும் மக்காச்சோளத்துக்கு நகரும். இடைவெளி விட்டால் அவை பட்டினி. ஆனால் சீக்கிரம் கொன்றால் மூடாக்கு மெலிந்து, மே மாத மழையில் அரிப்பு கூடும். தாமதித்தால் மூடாக்கு தடிக்கும், களையும் அமுங்கும், களைக்கொல்லியைக் குறைக்க வாய்ப்பு வரும். கூடவே முதிர்ந்த ரை மட்கும்போது மண்ணின் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விதைக்கும்போதே 30 முதல் 50 பவுண்டு தழைச்சத்து கொடுக்காவிட்டால் மக்காச்சோளம் மஞ்சளடிக்கும். அடுத்த பயிர் சோயா என்றால் அந்தக் கவலை பெரிதில்லை. தன் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒரு தேதி மாறினால் 590இல் ஓர் எண், 595இல் ஒரு புழு, ரூசில்-2இல் ஒரு டன் எல்லாம் நகர்கிறது. பயிற்சியில் இந்தப் பொருள்களெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. யாரும் ஒரே மேசையில் வைக்கவில்லை.

சேர நினைப்பவருக்கு

சி.சி.ஏ. முடித்து, மூன்று நான்கு பருவமாவது வயலில் நடந்தவருக்கு இந்தப் பயிற்சி தகும். கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர் 590 கணக்கைத் தேர்ந்துவிடுவார். 595 அவருக்கு வெறும் பட்டியலாகத்தான் படும். சாணம் இல்லாத தானியப் பண்ணைகளிலேயே வேலை செய்பவர், கால்நடைப் பண்ணைக்கான முழுச் சத்துத் திட்டப் பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் பெரும்பகுதி சேமிப்புத் தொட்டி, கழிவுநீர் பற்றியது.

வகுப்புக்கு முன் உண்மையான ஒரு வயலின் தாள்களைத் திரட்டிக்கொண்டு போனால் பாதி சிக்கல் தீரும். மண் வரைபடம், கடைசி மண் பரிசோதனை, மூன்று ஆண்டுப் பயிர், விளைச்சல், உர, மருந்துப் பதிவு, வடிகால் குழாயின் கோட்டுப்படம். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. பழைய குழாய்களை யார் எப்போது பதித்தார்கள் என்பது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்குத்தான் தெரிந்திருக்கும். மழை விட்ட மறுநாள் வயலில் எந்தக் கோடு முதலில் காய்கிறது என்று பார்த்தாலும் குழாய் ஓடும் வழி பிடிபடும். அந்தக் கோட்டைப் பென்சிலால் வரைபடத்தில் இழுத்துவிட்டு, மேலே சொன்ன 12,700 கேலன் எந்தப் பக்கம் ஊற்றப்படுகிறது, அட்ராசின் எந்தப் பக்கம் தெளிக்கப்படுகிறது என்பதை அதே தாளில் குறிக்க வேண்டும். வகுப்பில் 590 கோப்பைத் திறப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலை இது.